கழுத்து இல்லாத முகங்கள்

அத்தியாயம் பதினொன்று

சென்ற வாரம் விட்ட இடத்திலேயே எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வாரத்தில் ஒரு குடும்பம் எவ்வளவோ குழப்பம் செய்துவிடும். இந்தக் குடும்பம் அதில் பாதியை ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள்ளேயே முடித்துவிட்டது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி.

பட்டாணிக்கு ஆறு வயது. முகம் பார்த்து மனசைத் தெரிந்துகொள்ள அவளுக்கு வரவில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதபோது இவள் பாட்டுக்கு யானைக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாளாம். பயிற்சி டீச்சர் அன்பாகச் சிரித்தபோது, "என் மேல ஏன் கோபம்?" என்று கேட்டுவிட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாளாம். சுவரில் ஒட்டியிருந்த ஆறு மஞ்சள் உருண்டை முகங்களைக் காட்டிக் கேட்டதில் ஆறுக்குப் பூஜ்யம்.

வெள்ளிக்கிழமை மறுபடி சோதனை. தேறினால் தன் வகுப்போடு ஒன்றாம் வகுப்புக்குப் போவாள். தேறாவிட்டால் சின்ன வகுப்பிலேயே இன்னொரு வருடம். பட்டாணி இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் தண்ணீர் பாட்டில் மாட்டும் இடத்தில் தன் பாட்டிலின் வாரையும் பக்கத்துக் கொக்கிக்காரியின் பாட்டில் வாரையும் சேர்த்து இரண்டு முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். ஆயாம்மா அவிழ்க்க அவிழ்க்க மறுபடி போட்டாள்.

டீச்சர் ஒரு வழி சொல்லியிருந்தார். பொம்மை முகம் வேண்டாம், வீட்டு ஆளின் முகத்தையே ஆறு விதமாகப் படம் எடுத்து அட்டையாக்கிக் கொண்டுவாருங்கள், தெரிந்த முகமாக இருந்தால் சுலபமாகப் புரியும் என்றார். அப்பாவே ஸ்டுடியோக்காரர். இதைவிட வசதி வேறென்ன?

இந்த இடத்தில்தான் வசதி வினையாயிற்று.

ஸ்டுடியோக்காரர் பதினாலு வருடமாக பாஸ்போர்ட் போட்டோ மட்டுமே எடுக்கிறவர். "சிரிக்காதீங்க, புருவத்தை இறக்குங்க, வாயை மூடுங்க" என்று சொல்லிச் சொல்லி அவர் முகமும் அப்படியே நின்றுவிட்டது. கல்யாண ஆல்பத்தில் இருநூறு படத்திலும் ஒரே முகம். ஒரே படத்தை இருநூறு தடவை அச்சடித்து ஏமாற்றிவிட்டார்கள் என்று மாமனார் சண்டைக்கே போய்விட்டார். ஒருமுறை யாரையோ வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போனவர், முகம் பார்த்துக் கதவு திறக்கும் இயந்திரத்தின் பக்கம் சும்மா திரும்பினார். கதவு திறந்துகொண்டது. அவர் வெளியே வர மூன்று மணி நேரம் ஆயிற்று.

பட்டாணியின் அம்மா அதே விமான நிலையத்தில் தொலைந்த பெட்டிகளின் கவுன்ட்டரில் இருக்கிறார். வருகிறவர் எவ்வளவு கத்தினாலும் அதற்கு ஏற்ற அளவில் சிரிக்க வேண்டும் என்பது அங்கே பயிற்சி. ஒரு சிரிப்பு ஏழு விநாடி நிற்க வேண்டும். எட்டு வருடத்தில் அவர் மேல் வந்த ஒரே புகார், 'என் பெட்டி தொலைந்ததில் இந்த அம்மாவுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?' என்பதுதான். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கோபம் ஏற ஏற சிரிப்பு விரியும். பல் முழுதும் தெரிந்தால் வீட்டில் யாரும் குறுக்கே நடக்க மாட்டார்கள்.

இந்த இருவருக்கும் நடுவில் ஒரு குழந்தை முகம் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்துப் படம் பிடித்தார்கள். கோபத்துக்காக, "உன் வெள்ளை யூனிஃபார்மையும் சிவப்புத் திரைச்சீலையையும் ஒண்ணா ஊறப் போட்டுட்டேன்" என்றார் ஸ்டுடியோக்காரர். அது நிஜமும் கூட. ஆச்சரியத்துக்கு, "உன் தம்பி இன்னிக்கு ஆறு மணிக்கே எழுந்துட்டானாம்" என்றார். பயத்துக்குப் பின்சுவரில் ஒரு பல்லி தானாகவே வந்து உதவியது. அருவருப்புக்குப் பட்டாணி தன் பையிலிருந்து மூன்று நாள் பழைய சாக்ஸ் கொடுத்தாள். சோகத்துக்கு மட்டும் எந்த ஏற்பாடும் தேவைப்படவில்லை. "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு அம்மா கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். "ம், எடுங்க" என்றார். ஸ்டுடியோக்காரர் எடுத்தார். என்ன நினைத்தாய் என்று கேட்கவில்லை.

சந்தோஷம்தான் வரவில்லை. பதினோரு தடவை எடுத்ததில் பதினொன்றிலும் கவுன்ட்டர் சிரிப்பு. ஒவ்வொன்றுக்கும் பட்டாணி, "இது கோபம்" என்றாள்.

கடைசியில் ஸ்டுடியோக்காரருக்குப் போன மாதத்துப் படம் ஒன்று ஞாபகம் வந்தது. அன்றைக்கு வேலைக்கு நடுவில் மனைவி வாடிக்கையாளர் மாதிரி ஸ்டுடியோவுக்கு வந்து, "பாஸ்போர்ட் சைஸ், எட்டு" என்று சொல்லி உட்கார்ந்தார். "எதுக்கு?" என்றதற்கு, "ஆபீஸ்ல கேட்டாங்க." அவரும், "தாடையைக் கொஞ்சம் இறக்கு" என்றதோடு விட்டுவிட்டார். அந்தப் படத்தில் மனைவி சிரிக்கவே இல்லை. சிரிக்கவில்லை என்றால் கோபமில்லை. கோபமில்லை என்றால் சந்தோஷம்தானே? அதை ஆறாவது அட்டையாக்கிப் பின்பக்கம் 'சந்தோஷம்' என்று எழுதிவிட்டார்.

ஆனால் ஆறு அட்டைகளையும் அச்சுக்கு அனுப்புமுன் கம்ப்யூட்டரில் கொஞ்சம் சரிசெய்திருந்தார். அதை நான் இப்போது சொல்லப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கண்டபோது நீங்களும் காணலாம்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. பயிற்சி அறையில் இருந்த நாற்காலிகள் எல்லாம் குழந்தைகளுக்கானவை. ஸ்டுடியோக்காரரின் முழங்கால் அவர் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் பணிநேரத்துக்கு நடுவில் ஓடிவந்த மனைவி, யூனிஃபார்மில். அது இப்போது இளஞ்சிவப்பாக இருந்தது.

அவர்களுக்குப் பின்னால் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. கார் ஓட்டி வந்தவர். வரும் வழியில் பல் டாக்டரிடம் கடைவாய்ப் பல்லைக் காட்டியதில் மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். வலது பாதி முகம் வழக்கம்போல் இளித்தது. இடது பாதி சாவு வீட்டிலிருந்து வந்த மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்க சார்" என்றார் பயிற்சி டீச்சர். "உங்களைப் பார்த்தா குழந்தை குழம்பிடும்."

"நான் முன்னாடியே சொன்னேன் டீச்சர், ஆளு வெச்சிருக்கறதே ஒரு முகம், அதையும் பாதியாக்கிட்டு வந்திருக்கான்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"மச்சான், நீங்க பேசாதீங்க. என் பாதியில இருக்கற அசைவு உங்க முழுசுல இல்ல" என்று சொல்லிக் கதவு வரைக்கும் மட்டும் போய் நின்றார் மாமா.

பயிற்சி டீச்சருக்கு இதையெல்லாம் கேட்க நேரமில்லை. அவர் நாற்காலி ஏசிக்கு நேர் கீழே. அந்த ஏசியைத் திருப்பிவிடச் சொல்லி நாலு வருடமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அது திரும்பவில்லை, அதனால் கழுத்தில் மூன்று சுற்று மஃப்ளர். உறையைப் பிரித்து அட்டைகளை மேஜையில் வரிசையாக வைத்தார். பார்த்தார். வரிசையை மாற்றி வைத்தார். மறுபடி பார்த்தார்.

"இது ஆறும் ஒரே போட்டோவா?"

"இல்லீங்க டீச்சர், ஆறும் வேற வேற. ரெண்டு மணி நேரம் எடுத்தேன்."

"அப்போ முகம் ஏன் ஒரே மாதிரி இருக்கு?"

"சரி பண்ணினேன்."

"எதை?"

"ஒண்ணுல புருவம் ஏறி இருந்துச்சு. ஒண்ணுல வாய் திறந்து இருந்துச்சு. இன்னொண்ணுல கண்ணுல ஈரம். அப்படியே விட்டா திருப்பி அனுப்பிடுவாங்க."

"யாரு?"

ஸ்டுடியோக்காரர் யோசித்தார். யார் என்று அவருக்கும் தெரியவில்லை. பதினாலு வருடத்துக் கை, தானாகப் போயிருக்கிறது. ஆறு அட்டையிலும் அவர் மனைவி வெள்ளைப் பின்னணியில், புருவம் சமமாக, உதடு மூடி, எந்த நாட்டுக்குள்ளும் போகத் தகுதியோடு உட்கார்ந்திருந்தார்.

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தார். பல் முழுதும் தெரியச் சிரித்தார்.

"அம்மாவுக்குச் சந்தோஷம்" என்றார் டீச்சர், பாவம்.

சோதனையைத் தள்ளிவைக்கலாமென்று டீச்சர் அட்டைகளைக் கூட்டி அடுக்கினார். அப்போதுதான் பட்டாணி கையை நீட்டி, "நான் சொல்லவா?" என்றாள்.

"இதுல என்னம்மா சொல்லுவே?"

பட்டாணி முதல் அட்டையைத் தூக்கிப் பார்த்தாள். "கோபம்."

டீச்சர் அட்டையைத் திருப்பினார். பின்னால் 'கோபம்' என்று இருந்தது.

"அருவருப்பு." திருப்பினார். அருவருப்பு.

"ஆச்சரியம். மாமா ஆறு மணிக்கு எழுந்தது." திருப்பினார். ஆச்சரியம்.

மாமாவின் வலது புருவம் ஏறியது. இடது புருவம் இதில் கலந்துகொள்ளவில்லை.

"சோகம்." சரி. "பயம்." சரி.

ஐந்து. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணாடியில் அட்டையின் பின்பக்கம் தெரிகிறதா என்று பார்த்தார். ஓரத்தில் ஏதாவது அடையாளம் கீறியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அட்டைகளைக் கலைத்து மறுபடி கொடுத்தார். மறுபடியும் ஐந்து.

"எப்படிம்மா தெரியுது? எனக்கே தெரியலையே!"

"கழுத்து இருக்கே" என்றாள் பட்டாணி.

டீச்சர் அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"கோபம் வந்தா அம்மாவுக்குக் காது சிவந்துடும். கழுத்துல ரெண்டு கயிறு வரும். இதோ." அவள் சுண்டுவிரலால் காட்டினாள். "சாக்ஸ் குடுத்தப்போ கழுத்தைப் பின்னாடி இழுத்துக்கிட்டாங்க, இங்க மடிப்பு. சோகம்னா ஒரு தோள் தூங்கிடும். பயந்தா தொண்டையில குழி விழும். கட்டைவிரலையும் உள்ளங்கைக்குள்ள ஒளிச்சு வெச்சுப்பாங்க. இதுல கை இல்ல, அப்பா வெட்டிட்டாங்க."

காதைத் தொட்டால் போட்டோ செல்லாது. அதனால் ஸ்டுடியோக்காரர் காதில் கை வைத்ததில்லை. கழுத்தை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. அதனால் அதிலும் கை வைத்ததில்லை.

டீச்சர் சுவரைப் பார்த்தார். ஆறு மஞ்சள் உருண்டைகள். ஒன்றுக்கும் கழுத்து இல்லை, தோள் இல்லை, கட்டைவிரல் இல்லை.

"சரி, அன்னிக்கு உன் பக்கத்துல ஒரு பொண்ணு அழுதாளே, நீ ஏன் கண்டுக்கலை?"

"அவ சும்மா அழுதா. கால் ஆடிட்டே இருந்துச்சு."

"நான் சிரிச்சப்போ என் மேல ஏன் கோபம்னு கேட்டே?"

பட்டாணி மஃப்ளரைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் கழுத்தே இல்லையே. வெறும் பல்லு தெரிஞ்சா எங்க வீட்ல கோபம்."

டீச்சர் ஒரு சுற்று, இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று என்று மஃப்ளரைக் கழற்றினார். நாலு வருடமாக அந்தக் கழுத்தைப் பார்த்தவர் யாருமில்லை. பட்டாணி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்களுக்குச் சிரிப்பு வருது, அடக்கிட்டு இருக்கீங்க" என்றாள். அதன்பின் அடக்க முடியவில்லை.

பயிற்சி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவளுக்குப் பார்க்கத் தெரியாம இல்ல சார்" என்றார். "உங்க வீட்ல முகத்துல எதுவும் கிடைக்கல, அதனால கிடைச்ச இடத்துல பார்த்துக்கிட்டா. இப்ப இவளுக்கு முகத்தையும் பார்க்கச் சொல்லிக் குடுக்கணும். அதுக்கு உங்க முகத்துல ஏதாவது இருக்கணும்."

"என்ன செய்யணும் டீச்சர்?"

"சாப்பிடும்போது தினம் ஒரு விஷயம். கோபம்னா கோபமா முகத்தை வெச்சுக்கிட்டு, 'எனக்குக் கோபம்'னு வாயாலயும் சொல்லணும். ரெண்டும் ஒண்ணா இருக்கணும். நீங்க மட்டும் இல்ல, அவளும்."

"எனக்குப் பசி" என்றார் மாமா, கதவருகிலிருந்து. ரெண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார்.

"அது எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் பட்டாணி. "மாமா ஒரே கால்ல நின்னா பசி."

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று ஸ்டுடியோக்காரர் முழங்காலைத் தாடையிலிருந்து பிரித்து எழுந்தார். டீச்சர் படிவத்தை எடுத்து, ஒன்றாம் வகுப்பு என்று எழுதுமிடத்தில் பேனாவை வைத்தார்.

"இன்னும் ஒரு அட்டை பாக்கி இருக்கே. வழக்கத்துக்காகப் பார்த்துடலாம். இது என்னம்மா?"

பட்டாணி ஆறாவது அட்டையை எடுத்தாள். மற்றதையெல்லாம் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தாள். பிறகு பயம் அட்டையைத் தேடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இதுவும் பயம்."

டீச்சர் திருப்பினார். "சந்தோஷம்னு போட்டிருக்கே?"

"அப்பா தப்பா எழுதிட்டாங்க. பயம் ரெண்டு இருக்கு. சந்தோஷம் ஒண்ணுகூட இல்ல."

"வெளிச்சம் சரியா விழுந்திருக்காது" என்றார் ஸ்டுடியோக்காரர். தன் ஸ்டுடியோவின் வெளிச்சத்தைத் தானே குறை சொன்னது அவர் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

"போட்டோ மாறியிருக்கும்" என்றார் அம்மா. சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு ஷிஃப்ட் இருக்கு. வரேன் டீச்சர்." அந்தச் சிரிப்பு கோபமா, வேறு ஏதாவதா என்று ஸ்டுடியோக்காரருக்குத் தெரியவில்லை. காதைப் பார்க்கலாமென்று நினைப்பதற்குள் அவர் வாசலைத் தாண்டிவிட்டார்.

டீச்சர் பேனாவை மூடினார்.

"அஞ்சு சரிதான் சார். ஆனா சந்தோஷ அட்டையே இல்லாத கட்டுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? மேலே கேப்பாங்க. திங்கட்கிழமை காலையில ஒரு நிஜமான சந்தோஷம் எடுத்துட்டு வாங்க. கழுத்தோட, கையோட. நீங்க கை வைக்காம. வந்த உடனே ஒண்ணாம் வகுப்புன்னு எழுதிடறேன்."

"வரலைன்னா?"

"அவங்க அம்மாதானே சார்? எப்பவாவது சந்தோஷமா இருந்திருப்பாங்கல்ல?"

ஸ்டுடியோக்காரரின் முகத்தைப் பார்த்து டீச்சரால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கழுத்தைப் பார்த்திருக்கலாம். அவர் சட்டையின் மேல் பட்டன் போட்டிருந்தார்.

மாலை நாலு மணிக்கு ஸ்டுடியோவில் வாடிக்கையாளர் யாருமில்லை. பட்டாணி ஸ்டூலில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். மாமாவுக்கு மரப்பு பாதி இறங்கியிருந்தது. டீயைக் குடிப்பதாக நினைத்துச் சட்டைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மச்சான், அக்கா கடைசியா எப்ப சந்தோஷமா சிரிச்சா?"

"உன் கூடப் பிறந்தவதானே, நீ சொல்லு."

"நான் மூணாவது படிக்கும்போது கிணத்துப் படியில வழுக்கி விழுந்தேன். அன்னிக்குச் சிரிச்சா பாருங்க."

"அதுக்கு அப்புறம்?"

மாமா யோசித்தார். யோசிக்கிறார் என்பது வலது பக்கத்தில் தெரிந்தது. "குழப்பமா இருக்கு மச்சான்."

ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் போன மாதத்துப் படத்தைத் தேடி எடுத்தார். வெட்டியதை அல்ல, கேமராவிலிருந்து வந்த முழுப் படத்தை. பதினாலு வருடமாக அவர் தோளுக்குக் கீழே எதையும் பார்த்தவரில்லை. தோளுக்குக் கீழே இருப்பதெல்லாம் வெட்டிப் போடுவது. இன்றைக்கு மெதுவாகப் படத்தைக் கீழே இறக்கினார். தொண்டைக்குழி. ஒரு பக்கம் சாய்ந்த அடையாள அட்டை. மடி. மடியில் இரண்டு கை.

இரண்டு கையிலும் நாலு நாலு விரல்கள்தான் தெரிந்தன.

அவர் எண்ணினார். மறுபடி எண்ணினார். மாமாவைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார். "எட்டுதான் மச்சான்" என்றார் மாமா. "அக்காவுக்குப் பத்து இருக்கும். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, குட்டு வாங்கியிருக்கேன்."

கதவு மணி அடித்தது. ஷிஃப்ட் முடிந்து இளஞ்சிவப்பு யூனிஃபார்மில் மனைவி வந்து நின்றார். திரையில் தன் படம் பெரிதாக இருப்பதைப் பார்த்தார். தன் மடி மட்டும் திரை முழுதும் இருப்பதைப் பார்த்தார்.

"மச்சான், நான் சட்டை மாத்திட்டு வரேன்" என்று மாமா உள்ளறைக்குப் போய்விட்டார். அங்கே அவருக்குச் சட்டை எதுவும் கிடையாது.

ஸ்டுடியோக்காரர் போன மாதம் கேட்டிருக்க வேண்டியதை இன்றைக்குக் கேட்டார்.

"இந்த எட்டு போட்டோ எதுக்கு?"

மனைவி சிரித்தார். அவர் காதைப் பார்த்தார் ஸ்டுடியோக்காரர். சிவக்கவில்லை. கழுத்தில் கயிறு வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினார். ஏழு தாண்டியும் சிரிப்பு இறங்கவில்லை. கீழே பார்த்தார். கைப்பையின் வாரைப் பிடித்திருந்த கையில் கட்டைவிரல் இல்லை.

"என்னங்க இது, ஆளை மேலயும் கீழயும் பார்க்கறீங்க?"

"எங்க போறே?"

மனைவியின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. பயிற்சி கொடுத்தவர்கள் பார்த்திருந்தால் வேலையை விட்டே எடுத்திருப்பார்கள். அப்படி ஒரு வெறும் முகம். ஸ்டுடியோக்காரர் அதை எப்போது கடைசியாகப் பார்த்தார் என்று அவருக்கு ஞாபகமில்லை. கேமராவை எடுக்கவும் தோன்றவில்லை.

"சொல்றேன்" என்றார் மனைவி. "ஆனா நீங்க முகத்தை மாத்தக் கூடாது."

இந்த நிபந்தனையை அவரிடம் போட்ட ஒரே ஆள் உலகத்தில் இவர்தான்.

கைப்பையிலிருந்து ஒரு நீளமான உறையை எடுத்து, போட்டோ வெட்டும் பலகையின் மேல் வைத்தார். அதிலிருந்து வெளியே நீட்டியிருந்த தாளில் ஒட்டியிருந்த அவருடைய சின்னப் படத்தின் மேல் வட்டமாக ஒரு முத்திரை விழுந்திருந்தது. ஸ்டுடியோக்காரர் வெளியே தெரிந்த முதல் வரியைப் படித்தார், ஒரு வெளிநாட்டின் பெயர். இரண்டாவது வரியில் ஒரு தேதி இருந்தது. முகத்தை அவர் மாற்றவில்லை. சொன்ன சொல் தவறாதவர். சட்டையின் மேல் பட்டனை மட்டும் அவிழ்த்துவிட்டார்.

ஸ்டூல் சுற்றுவது நின்றது.

பட்டாணி அம்மாவின் கையைப் பார்த்தாள். அப்பாவின் திறந்த கழுத்தில் விழுந்திருந்த குழியைப் பார்த்தாள். பிறகு மேஜையிலிருந்த அட்டைக் கட்டை எடுத்து, திங்கட்கிழமைக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"அப்பா, சந்தோஷம் இன்னும் வரல" என்றாள். "பயம்தான் மூணாயிடுச்சு."